ஸ்டாஷுக்குள் போன கொல்லைகள்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் மறியலும் ஊர்வலமுமாக இருந்த காலம். சென்னைக் கம்பெனியின் வேலையைக் கள்ளக்குறிச்சியில் எங்கள் மாடி அறையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலை விவசாயிகளுக்கு விதை கொடுப்பதற்கான செயலி அது. மலையில் விளைநிலத்தைக் கொல்லை என்பார்கள்; பட்டியலில் இல்லாத கொல்லைக்கு விதை கிடையாது. மறுநாள் பட்டியலை அனுப்பியாக வேண்டும்.

மலையில் யாரும் சர்வே எண் சொல்லமாட்டார்கள். புளியமரத்துக் கொல்லை, பாறைமேட்டுக் கொல்லை என்றுதான் சொல்வார்கள். ஓர் அக்கா சாமை அறுப்பை விட்டுவிட்டு என்னோடு நாள் முழுக்க நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே, நோட்டில் எழுதாமல் மடிக்கணினியில், நேராக நிரலுக்குள்ளேயே அடித்துக்கொண்டு வந்தேன்.

அதை ஒழுங்குபடுத்தி முடித்த நேரத்தில் அவசரமாக வேறொரு பிழையைச் சரிசெய்யச் சொன்னார்கள். அதற்கு நிரலின் வேறொரு கிளைக்கு, அதாவது வேறு பிரான்ச்சுக்கு, மாற வேண்டும். இன்னும் சேமிக்காத பட்டியலை, நிரலின் மாற்றங்களைக் காத்துவைக்கும் கிட் மென்பொருளில் ஸ்டாஷ் என்ற தற்காலிக இடத்தில் ஒதுக்கிவிட்டு மாறினேன். முந்தைய நாட்களிலும் இப்படி ஒதுக்கியவை அங்கே கிடந்தன. எதற்கும் பெயர் வைக்கவில்லை. திரும்பி வந்து ஒன்றை எடுத்தேன். அதுதான் என்று நம்பி, மற்றதெல்லாம் குப்பை என்று மொத்தமாக அழித்தேன். செயலியைத் திறந்தால் ஒரு கொல்லைகூட இல்லை.

சென்னையிலிருந்த சீனியர் உளுந்தூர்பேட்டைக்காரர். போனில் சொன்னதும் கத்தினார்.

"பேர் வெச்சி ஒதுக்குன்னு எத்தினி வாட்டி சொல்றது? மறுபடி மலைக்குப் போய் எழுதிக்கினு வா."

"மறியல்ல பஸ்ஸே ஓடலைங்க."

"அப்ப தேடு. அழிச்சாலும் கிட் உடனே தூக்கிப் போடாது. எதோடயும் சேராம தொங்கிக்கினு இருக்கும்."

எடுக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன். அவர் சொன்ன கட்டளை, நீளநீளமான அடையாள எண்களாகக் கொட்டியது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பிற்பகல் மூன்று மணிவாக்கில் பட்டியல் கிடைத்தது, நான் ஒழுங்குபடுத்தியபடியே. அழுகை வந்துவிட்டது. அந்த எண்ணிலிருந்தே புதிய பிரான்ச் ஒன்றை உண்டாக்கிப் பத்திரப்படுத்தினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். இத்தனை பட்ட பிறகு எதையும் பார்க்காமல் விட மனம் வரவில்லை. அடுத்ததைத் திறந்தேன். ஒழுங்குபடுத்துவதற்கு முந்தைய பட்டியல் அது. அதில் ஓடையோரக் கொல்லை இரண்டு முறை இருந்தது. தவறி இரண்டு முறை அடித்துவிட்டோம் என்று ஒன்றை நானே நீக்கியிருந்தேன்.

சந்தேகமாக இருந்தது. மலையில் என்னோடு நடந்த அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது.

"ஓடையோரக் கொல்லை ஒண்ணா, ரெண்டாக்கா?"

"ரெண்டு பாப்பா. ஒண்ணு எங்க கொழுந்தன் வூட்டுது. இன்னொண்ணு என்னுது. எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்."