“என்னைய ஒதை” என்றார் என் கணவர்

போன வருடம் தை மாதம், கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லிகை எடை போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பக்கவாதம் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிர் பிழைத்தேன். பேச்சும் தப்பித்தது. (அது போயிருந்தால் என் வீட்டுக்காரருக்கு நிம்மதி!) வலது கால் மட்டும் மரக்கட்டையாகக் கிடந்தது. நின்றே வியாபாரம் பார்த்தவள் நான். மறுபடி என் கடைக்கு நடந்து போய்த்தான் தீருவேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

டாக்டர் யோசனைப்படி புதுக்கோட்டையில் ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். காலில் அக்குபங்சர் ஊசிகளைக் குத்தி, எடுத்த கையோடு பயிற்சி கொடுப்பார்கள். ரெண்டும் சேர்ந்தால்தான் பலன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

ஊசி குத்தும்போது சுருக்கென்று உணர்வு தெரிந்தது. பயிற்சியில்தான் கோளாறு. என் மகள் வயதுப் பெண் ஒருத்தி, என் உள்ளங்காலில் கையை வைத்து, “ஓங்கி ஒதைங்கம்மா” என்பாள். வைத்தியம் பார்க்கிற பிள்ளையை உதைக்கலாமா? யார்மேலாவது தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். சும்மா முக்கிவிட்டு விட்டுவிடுவேன். காலில் பலமே ஏறவில்லையே என்று அவள் கவலைப்பட்டாள்.

ஒருநாள் காரணத்தைச் சொல்லிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் கணவர் சிரிக்கவில்லை. அவளை நகரச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தில் தன் கையை வைத்தார்.

“இந்தா புள்ள, என்னைய ஒதை. கல்யாணம் ஆனதுலேருந்து எத்தன தடவ நெனச்சிருப்ப!”

“ஐயோ, என்னங்க இது! கைய எடுங்க.”

“நீயா ஒதைச்சுத் தள்ளு.”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்ததே ஒரு வேகம்! பல்லைக் கடித்துக்கொண்டு உந்தினேன். அவர் கை பின்னால் போனது.

“அடிப்பாவி, நெசமாவே ஒதைச்சிட்டா!” என்று அறையே அதிரக் கத்தினார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அதன்பிறகு அந்தப் பெண்ணையும் கூசாமல் உதைத்தேன். ஊசியும் பயிற்சியும் மாதக்கணக்கில் தொடர்ந்தன. கால் இன்னும் லேசாக இழுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கடைக்கு நடந்துதான் போகிறேன்.

ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து எழாத மனிதர், நான் எழுந்து நிற்பதற்காக என் காலடியில் உட்கார்ந்தாரே, அதை நினைத்தால் இப்போதும் என் நடை தானாக வேகமெடுக்கிறது.