பச்சை உறை போட்ட பைபிள்

போன வருஷம் மழைக்காலத்தில், திருச்சி எடமலைப்பட்டி புதூரில் நடந்தது இது. நான் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபைக்குப் புதிதாக வந்த ஆயர் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஞாயிறு ஆராதனைக்கு யார் யார் வருகிறார்கள் என்று குறிக்கச் சொன்னார்.

"எண்ணிக்கைக்கு இல்லைங்க சார். யார் வரலைன்னு தெரிஞ்சாத்தானே போய்ப் பார்க்க முடியும்" என்றார்.

ஆயுசெல்லாம் டிக் போட்டவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று மிதப்பாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

கடைசி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், ஓய்வு பெற்ற ஒரு டீச்சரின் இடம். தனியாக வசிப்பவர். பச்சைத் துணி உறை போட்ட பைபிளை வைத்து இடம் பிடித்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேசவே போவார். ரயிலில் சீட்டில் பை இருந்தால், ஆள் பாத்ரூம் போயிருப்பார் என்று டிக் போட்டுப் பழகிய கை இது. பச்சை உறை கண்ணில் பட்டால் டீச்சருக்கு ஒரு டிக்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர் நோட்டைப் பார்த்தார்.

"டீச்சரம்மா நற்கருணை வாங்க வரலீங்களே. டிக் இருக்கே சார்?"

"பைபிள் இருந்துச்சுங்களே" என்றேன்.

போய்ப் பார்த்தோம். பைபிள் பெஞ்சிலேயே இருந்தது. ஆலயத்தைப் பெருக்கும் அம்மா எட்டிப் பார்த்தார். "மறந்து வச்சுட்டுப் போய் மூணு வாரமாச்சுங்க. நான்தான் தொடைச்சுத் தொடைச்சு அங்கேயே வைக்கிறேன்."

அப்படியானால் மூன்று வாரமாக நான் யாருக்கு டிக் போட்டேன்?

டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளி. கதவு ஒருக்களித்திருந்தது. நல்ல பகலில் உள்ளே இருட்டு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பழைய பூக்கூடையைத் திறந்தது மாதிரி ஒரு வாடை. ஹாலில், வெள்ளைப் புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்தபடி, டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆயர் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டதும் கண்கள் மட்டும் எங்கள் பக்கம் திரும்பின.

"நான் உங்க கண்ணுக்குத் தெரியறேனா?"

ஆயர் போய் ஜன்னலைத் திறந்தார்.

காலில் சர்க்கரைப் புண். பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். செருப்பு நுழையவில்லை, வாடையோடு சபைக்கு வரவும் கூச்சம். ஆனாலும் ஞாயிறு மணி அடித்ததும் கிளம்பி இப்படி உட்கார்ந்துவிடுவாராம். "மூணு வாரமா யாருமே தேடி வரலை. நான் இருக்கேனான்னே சந்தேகமாயிடுச்சுங்க" என்றார்.

எப்படித் தேடுவார்கள்? என் நோட்டில்தான் அவர் தவறாமல் வந்துகொண்டிருந்தாரே. அன்று வெட்கத்தில் குறுகிப்போனேன்.

அப்போதே ஆட்டோவில் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் சில நாள் போயிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். இரண்டு விரல்களோடு போயிற்று.

இப்போது டீச்சர் கைத்தடியோடு வருகிறார். நானும் பெஞ்சு பெஞ்சாக நடந்து, முகம் பார்த்துத்தான் குறிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிள்ளைகள் சொல்லக் கேட்டதை இப்போது அவர் எனக்குச் சொல்கிறார்: "உள்ளேன் ஐயா." சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். ஆனால் அந்த இருட்டு ஹாலில் அவர் கேட்ட கேள்வி காதில் விழாமல் ஒரு ஞாயிறும் என்னால் அந்த டிக்கைப் போட முடிவதில்லை.