தரையில் வரைந்த கீபோர்டு

1987இல் கடத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அரசாங்கம் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பியது. தலைமையாசிரியர் தீர்த்தகிரி அதற்கு மாலை போட்டார், சூடம் காட்டினார், பிறகு அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதை இயக்கப் பயிற்சி எடுத்திருந்தவர் கணக்கு டீச்சர் வஹிதா மட்டும்தான். பாப்பிரெட்டிப்பட்டியில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் சுபானின் மகள். மொரப்பூரில் ரயிலேறி சேலம் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார்.

“புள்ளைங்களுக்குக் காட்டணும் சார். ரூமைத் திறங்க” என்று கேட்டார்.

“நாளைக்குக் களை வெட்டப் போற புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? உடைச்சுதுங்கன்னா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேங்க.”

தீர்த்தகிரி எழுந்து போய்விட்டார். வாரங்கள் ஓடின. கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான்.

ஒருநாள் வஹிதா பதினோராம் வகுப்புப் பெண்களை அழைத்துக்கொண்டு போய், பூட்டிய அறை வாசலிலேயே உட்காரவைத்தார். சிமென்ட் தரையில் சாக்பீஸால் பெரிய கீபோர்டு ஒன்று வரைந்தார். அவர் எழுத்துச் சொல்லச் சொல்ல, பெண்கள் விரலால் கட்டத்தைத் தொட வேண்டும். தினமும் வகுப்பு அங்கேதான்.

“A பக்கத்துல B இல்லாம S இருக்குதே, ஏன் டீச்சர்?” என்றாள் சின்னம்மாள்.

“தெரியல சின்னம்மா. நானும் இப்பத்தான கத்துக்கறேன்.”

அந்த வழியாகப் போன தீர்த்தகிரி, எழுத்துகளை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. மெமோ கொடுத்தார். வஹிதா வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் அழிந்த எழுத்துகளை மறுபடி வரைந்தார்.

ஆண்டு ஆய்வு வந்தது. “மேலதிகாரிங்க நாளைக்கு வராங்க. முதல்ல இதை அழிங்க” என்றார் தீர்த்தகிரி.

“ரூமைத் திறங்க சார். அழிச்சிடறேன்.”

“என்னை மிரட்டறீங்களா?”

“புள்ளைங்க ஏன் தரையில உக்காந்திருக்குதுன்னு அவங்க கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேங்க.”

தீர்த்தகிரியின் முகம் கறுத்தது. கடைசியில் அவரே பூட்டைத் திறந்தார்.

சின்னம்மாள்தான் முதலில் உட்கார்ந்தாள். தன் பெயரைத் திரையில் வரவைக்க, வஹிதா சொன்ன கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். திரையில் ‘மிஸ்டேக்’ என்று ஆங்கிலத்தில் வந்தது.

“போச்சு! கெட்டுப்போச்சு!” என்று பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தார் தீர்த்தகிரி. வஹிதா குறுக்கே நின்றுகொண்டார்.

“கெடலைங்க சார். தப்பா அடிச்சா தப்புன்னு சொல்லுது, அவ்வளவுதான். நீ திருத்தி அடி சின்னம்மா.”

அவள் பார்த்துப் பார்த்து அடித்தாள். இந்தமுறை அவள் பெயரே திரையில் வரிவரியாக ஓடியது. பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து அறை பூட்டப்படவில்லை.

அடுத்த ஜூனில் வஹிதாவுக்குச் சித்தேரி மலைக்கு மாறுதல் வந்தது. எதற்கென்று அவருக்குத் தெரியும். கெஞ்சிக்கொண்டு யாரையும் போய்ப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அவர் இடத்துக்கு வந்த வாத்தியாருக்குக் கம்ப்யூட்டரைப் பழக்கிவிட்டது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருந்த சின்னம்மாளும் மற்றப் பெண்களும்தான்.

மலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே, கம்ப்யூட்டர் கேட்டு மனு எழுதிக் கொடுத்தார் வஹிதா. அங்கிருந்த தலைமையாசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார்.

“இங்க கரண்டே இல்லீங்களேம்மா!”

“பின்பக்கம் திருப்பிப் பாருங்க சார். அதையும் கேட்டுத்தான் எழுதியிருக்கேன்.”