எட்டுப் பேர் பங்கு

கச்சிராயபாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்டால், ஊரே ராஜாங்கத்தின் வீட்டுக்குத்தான் கைகாட்டும். பதினேழு வருடம் பட்டாளத்துக்கே சோறு போட்டு, பென்ஷனோடு வந்திறங்கிய ஆதிமூலத்தின் வீட்டுக்குப் போக வேண்டுமானால், சமையல்காரர் வீடு என்று கேட்க வேண்டும்.

ஆதிமூலம் இதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பட்டாளத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சமையல்" என்று பளிச்சென்று சொல்வார். கேட்டவருக்கு முகம் தொங்கிப் போகும்.

"துப்பாக்கியே புடிச்சதில்லையா?"

"புடிச்சேன். கரண்டிதான் ஜாஸ்தி புடிச்சேன்."

ஐம்பத்தொன்பதில் கடலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டுப் போனார். மார்பளவு அரை அங்குலம் குறைந்தது. திரும்பி நடந்தவரை ஒரு ஹவில்தார் கூப்பிட்டு, சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். அடுப்பங்கரைப் பக்கம் எட்டியே பார்த்திராத பிள்ளை, நன்றாகச் சமைப்பேன் என்று சொல்லிவிட்டது. பட்டாள விஷயத்தில் ஆதிமூலம் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் ஆறே மாதத்தில் உண்மையாக்கிவிட்டார்.

பட்டாளத்துச் சமையற்கூடத்துக்கு லங்கர் என்று பெயர். அங்கே ஆதிமூலம் கற்றுக்கொண்ட முதல் சட்டம், தலைக்கு எண்ணி வடிப்பது. எத்தனை பேர் என்று காலையில் சீட்டு வரும். அத்தனை பேருக்கும் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒருவன் பட்டினி, மிஞ்சினால் சமையல்காரனுக்கு வசவு. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாண வீட்டில் சமைக்கக் கூப்பிட்டால், "எத்தினி தலை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

ராஜாங்கத்தின் கதையே வேறு. பத்துப் பன்னிரண்டு வருடம் எங்கேயோ இருந்துவிட்டு எழுபத்தெட்டில் வந்து சேர்ந்தான். கொம்பு மீசை, பச்சைத் தொப்பி, இடது காலில் ஒரு சாய்வு. தொடையில் இருந்த தழும்பைக் காட்டி, எழுபத்தொன்று சண்டையில் பாய்ந்த குண்டு என்றான். சுபேதார் என்று அவனே சொல்லிக்கொண்டதை ஊரும் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் அவன் சண்டையை ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், பஸ் போய்விடும், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, கதை சொல்லத் தெரிந்தவன். சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றுவதும் அவன்தான். அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டுவது ஆதிமூலம்.

ஆதிமூலத்துக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. "உன் நம்பர் இன்னாப்பா?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். பட்டாளத்தில் இருந்தவன் பெற்ற தாயின் பெயரை மறந்தாலும் தனக்குத் தந்த நம்பரை மறக்கமாட்டான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரே மூச்சில் வரும். ராஜாங்கமோ, "அதெல்லாம் ரகசியம்" என்று மீசையைத் தடவினான்.

மிச்சமும் கொஞ்ச நாளில் தெரிந்தது. ஒரு கல்யாணத்துக்கு மலைப் புளி வாங்கக் கரியாலூருக்கு ஏறியபோது, அங்கே சாமை விதைத்துக்கொண்டிருந்த வெள்ளையன் வலிய வந்து விசாரித்தார்.

"உங்க ஊரு ராஜாங்கம் நல்லாக்கீறாரா? காட்டுல மூங்கில் வெட்டற கூப்புக்கு வேலைக்கு வந்தாரே. மூங்கில் சிலாம்பு தொடையில பூந்து, எங்க வூட்லதான் ரெண்டு மாசம் கெடந்தாரு. கால் சரியாச்சுங்களா?"

"நல்லாக்கீறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆதிமூலம் புளிமூட்டையோடு இறங்கி வந்தார். மனைவி அமிர்தத்திடம்கூட ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார். அவளுக்குக் கொதித்துப் போயிற்று.

"ஊரைக் கூட்டி அவன் மீசையச் செரைக்காம, பொங்கல் கிண்டிக்கினுகீற?"

"அவன் பொய்யால யார் வயிறு கெட்டுச்சி? போவட்டும் வுடு."

அப்படித்தான் ஒன்பது வருடம் விட்டுவைத்தார்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் வந்தது. வட மாவட்டங்கள் முழுக்க ரோட்டில் மரங்கள் சாய்ந்தன. கள்ளக்குறிச்சிச் சாலையில், ஊர் எல்லைப் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அதை வெட்டிய கோடாலிகளில் ஒன்று ஆதிமூலத்தின் வீட்டுக் கோடாலி. கேட்பது ஞாயம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி அடுப்பு மூட்டி, மறியலுக்கு வந்தவர்களுக்கு மூன்று வேளையும் அவர்தான் வடித்துக்கொட்டினார்.

அவருடைய மாப்பிள்ளை ராசுவும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். தை மாதம்தான் மகள் செந்தமிழ்ச்செல்வியைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நல்ல உழைப்பாளி. ஆனால் மாமனார் சமையல்காரர் என்பதில் அவனுக்கு உள்ளூரக் கூச்சம். யாராவது விசாரித்தால், "எங்க மாமாவும் மிலிட்டரிதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவான். சுபேதார் என்றால் உயிர்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளில் ஒருவர் இரைக்க இரைக்க வந்தார். வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது, ஆட்கள் செத்திருக்கிறார்கள், இங்கேயும் இரண்டு லாரிப் போலீஸ் கிளம்பிவிட்டது என்றார். பெண்களையும் பெரியவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மரத்தடியில் இருபத்திரண்டு இளவட்டங்கள் மிஞ்சினார்கள். சாய்ந்த மரத்தின்மேல் ஏறி நின்றான் ராஜாங்கம்.

"ஒருத்தனும் பயப்படாதீங்கடா. நான் பாக்காத துப்பாக்கியா? மொத ரவுண்டு எப்பவும் வானத்துலதான் சுடுவான். அது சட்டம். அந்தச் சத்தத்துல ஓடறவன்தான் சாவான். ஓடக் கூடாது. மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. அவன் மறுபடி குறி பாக்கறதுக்குள்ள லாரி மேல பாஞ்சிடணும். எழுபத்தொண்ணுல நாங்க அப்படித்தான் பாஞ்சோம்."

"நான் மொதல்ல பாயறேன் சுபேதார்" என்றான் ராசு.

ஆதிமூலத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. யார் வயிறு கெட்டது என்று ஒன்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்தாரே, இதோ இருபத்திரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பொய்க்கு வருடா வருடம் சர்க்கரைப் பொங்கல் ஊட்டி வளர்த்தது தன் கைதான் என்று நினைத்ததும் அவருக்கு ராஜாங்கத்தின் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

ஆனால் சமையல்காரனுக்கு அவசரம் ஆகாது. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீரைத் தெளித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பொய்யன் என்று இப்போது கத்தினால் பையன்கள் அவன் பக்கம்தான் நிற்பார்கள். விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, கரண்டியோடு கூட்டத்துக்குள் வந்தார்.

"சுபேதார் சொல்றது ரொம்பச் சரி" என்றார். "பாயறதுன்னு ஆயிட்டா, பட்டாளத்து மொறைப்படி பாயணும். சுபேதார் முன்னாடி போவாரு, ஜவானுங்க இருபது அடி பின்னாடி வருவாங்க. நான் பார்த்த சுபேதாருங்க எல்லாம் அப்படித்தான் போனாங்க. ராஜாங்கம், நீ எறங்கி அந்த வளைவுல நில்லு. மூணு எண்ணி நீ பாயி. பின்னாடி இவங்க வருவாங்க."

பையன்களுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. விசில் பறந்தது. ராசு மரத்திலிருந்து இறங்கக் கை கொடுத்தான். ராஜாங்கம் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"நான் திட்டம் போடற ஆளு. காலு வேற..."

"பாயறதுக்குக் காலு வரலன்னா நில்லு. மொத ரவுண்டுதான் வானத்துல போவுதே, உனக்கு இன்னா பயம்?"

ராஜாங்கத்தின் மீசை வியர்த்தது. பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மாமா, பொறாமையில பேசாதீங்க" என்றான் ராசு.

"பொறாமை இல்ல மாப்ள. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அவரு சொல்லட்டும், நான் அடுப்புக்குப் போயிடறேன்." ஆதிமூலம் நிமிர்ந்து, குதிகால் சேர்த்து நின்றார். தன் நம்பர், பதவி, பெயர் மூன்றையும் ஒரே மூச்சில் உரக்கச் சொன்னார். சமையல்காரர் என்ற சொல்லும் அதில் அதே கம்பீரத்தோடு வந்தது. "இது என்னுது. உன்னுது சொல்லு."

ராஜாங்கத்துக்கு இந்த முறை ரகசியம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. மெல்ல மரத்தைவிட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் நடந்தான். மூங்கில் கூப்பைப் பற்றி ஆதிமூலம் வாயே திறக்கவில்லை. அது தேவைப்படவில்லை.

ஆனால் சூடு ஏறிய ரத்தம் லேசில் இறங்குமா?

"அந்தாளு பொய்யின்னா இன்னா? நாங்க பொய்யா?" என்றான் ராசு. "சுபேதார் இல்லாம நாங்களே பாயறோம். நீங்க சமைச்சவருதான, சண்டையப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?"

கேட்டுவிட்டான். எட்டு மாதமாக அவன் நெஞ்சில் இருந்தது வெளியே வந்துவிட்டது. ஆதிமூலம் சாய்ந்த மரத்தின்மேல் உட்கார்ந்தார்.

"சண்டையப் பத்தித் தெரியாது மாப்ள. சோத்தப் பத்தித் தெரியும். எழுபத்தொண்ணு டிசம்பர். காலைல நூத்திப் பன்னெண்டு பேருக்குப் பூரி சுட்டேன். எல்லாம் தீர்ந்துச்சி. சாயந்தரம் அதே நூத்திப் பன்னெண்டு பேருக்கு ரொட்டியும் பருப்பும் டப்பால கட்டி முன்னாடி அனுப்பினேன். டப்பா திரும்பி வந்துச்சி. தொறந்து பாத்தா எட்டுப் பேர் பங்கு அப்படியே கீது. யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. அதுல ஒருத்தன் காலைலதான் பூரில உப்பு கம்மின்னு என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனவன்."

கரண்டியை மரத்தின்மேல் வைத்தார்.

"அந்த ரொட்டிய நாய்க்குப் போட மனசு வரல. எங்களாலயும் துன்ன முடியல. குழி தோண்டிப் பொதைச்சேன். எனக்குத் தெரிஞ்ச சண்டை அவ்ளோதான். மொத ரவுண்டு வானத்துல போவுமா, மார்ல போவுமான்னு எனக்குத் தெரியாது. அது சுடறவனுக்கே தெரியாது. நம்ம சனம் படிக்கணும், உத்தியோகத்துக்குப் போவணும்னுதான மரத்த வெட்டினோம்? போறதுக்கு ஆளு வேணாமா? மரம் கெடக்குது, அதுவே மறியல் பண்ணும். இன்னிக்கு இருபத்தி மூணு பேருக்கு ஒலை வெச்சிகீறேன். செந்தமிழு புருசன் பங்கப் பொதைக்க என்னால ஆவாது."

ராசு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு, "வாங்கடா" என்று கரும்புத் தோட்டத்தின் பக்கம் நடந்தான். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

லாரிகள் வந்தன. துப்பாக்கியோடு குதித்தவர்களின் கண்ணில் பட்டது ஒரு புளியமரமும், ஓர் அடுப்பும், அதன் பக்கத்தில் கரண்டியோடு ஒரு பெரியவரும்தான். யார் வெட்டியது என்று அதிகாரி அதட்டினார். நான் சமையல்காரன் என்றார் ஆதிமூலம். கயிறு கட்டி அந்த மரத்தை ஓரம் தள்ளுவதற்குள் போலீஸ்காரர்களுக்கு மூன்று மணி நேரம் நாக்குத் தள்ளிவிட்டது. லாரி கிளம்பிப் போன அரை மணிக்குள் ரோட்டில் அடுத்த மரம் விழுந்த சத்தம் கேட்டது. ஆதிமூலம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் சாம்பாரை இறக்கினார்.

சாப்பாட்டுக்கு இலை போடும்போது மணி மூன்று தாண்டிவிட்டது. பையன்கள் உட்கார்ந்தார்கள். ஆதிமூலம் எண்ணினார். இருபத்திரண்டு. ஓர் இலை காலியாகக் கிடந்தது.

அவர் கரண்டியை ராசுவிடம் கொடுத்துவிட்டு வாய்க்காலுக்குப் போனார். ராஜாங்கம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தொப்பியில்லாமல் அவன் தலை நரைத்திருந்ததை ஆதிமூலம் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"எழுந்து வா. சோறு ஆறுது."

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு வர்றது?"

"மூஞ்சிக்கா சோறு போடறேன்? வயித்துக்குப் போடறேன். உன்னையும் சேத்துத்தான் வடிச்சேன். மிச்சமாவக் கூடாது, வா."

ராஜாங்கம் தொப்பியை வாய்க்கால் கரையிலேயே வைத்துவிட்டு, சாய்ந்த காலோடு பின்னால் வந்தான். இருபத்திரண்டு பேரும் அவனை ஏறிட்டுப் பார்த்தார்கள். எவனோ சிரிக்கப் போனான். ராசு அவனை முறைத்துவிட்டு, காலி இலையில் தண்ணீர் தெளித்துச் சோற்றை வைத்தான். பிறகு மாமனாரைப் பார்த்தான்.

"சரியா மாமா?"

"இன்னும் ஒரு கரண்டி போடுங்க மாப்ள. அது அவன் பங்கு."

எல்லோரும் கைகழுவிய பிறகு ஆதிமூலம் குண்டானைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு பருக்கை விழவில்லை.