மெக்கானிக் கிண்டிய களி

என் மனைவி மாதம்மா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். நான் சமைக்க ஆரம்பித்த பிறகு.

சமையல் மோசமான தொழில். லாரி மெக்கானிக் வேலையில் தப்பாகப் பூட்டினால் வண்டி கிளம்பாது, அங்கேயே தெரிந்துவிடும். சமையலில் அடுத்தவர் வாய்க்குள் போனபிறகுதான் தெரியும். நான் தொப்பூரில் பட்டறை வைத்துக் காலத்தைக் கழித்தவன். அடுப்பு பற்ற வைக்கத் தெரியும், அதுவும் பீடிக்காக.

துவைக்கிற கல்லில் வழுக்கி மாதம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பிவிட்டார்கள். கட்டிலில் உட்காரலாம், நிற்கக் கூடாது. மத்தியானத்துக்கு மெஸ்ஸிலிருந்து கேரியர் வரும். பிரித்து ரெண்டு பேரும் சாப்பிடுவோம். ராத்திரி மெஸ் கிடையாது. கடைப் பரோட்டா அவளுக்கு ஆகாது, சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு படுத்தால் மயக்கம் வரும் என்று டாக்டர் மிரட்டி வைத்திருக்கிறார். ஆக, ராத்திரிக்கு நான்.

ஓசூரில் இருக்கும் மகள் கவிதா போனில் கெடு வைத்துவிட்டாள். அம்மா ராத்திரி சாப்பிடவில்லை என்றால் மாசக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம். அங்கே மூன்றாவது மாடி. ஏறினால் இறங்குவது கஷ்டம். எனக்கும் அங்கே இடம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கரண்டியும் கையுமாக மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆறுதல் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

குக்கருக்கு வைத்தியம்

முதலில் சோறும் ரசமும். அதைவிட லேசானது எதுவும் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் வந்து வைத்துக் கொடுக்கவில்லை.

குக்கரில் விசில் வரவில்லை. மூடியின் ஓரத்தில் ஆவி புஸ்ஸென்று போனது. இது எனக்குத் தெரிந்த நோய். கேஸ்கெட் போய்விட்டது. கடைக்குப் போய்ப் புதிது வாங்குகிறவன் மெக்கானிக்கா? பரணில் கிடந்த பழைய லாரி டியூபில் ஒரு வளையம் வெட்டி உள்ளே அழுத்தினேன். ஒரு சொட்டு ஆவி வெளியே போகவில்லை. விசில் பிரமாதமாக வந்தது.

மூடியைத் திறந்ததும் மாதம்மா கட்டிலில் இருந்தபடியே மூக்கைப் பொத்திக்கொண்டாள். ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"பட்டறையை மூடிட்டேன்னு சொன்னீங்க. சோத்துக்குள்ள டயர் மாத்தறீங்களே."

ரோட்டோரச் சமையல்

பெருமாள் என்கிற லாரி டிரைவர் என் பழைய சினேகிதன். வண்டியிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவன். போன் போட்டேன். தக்காளிக் குழம்பு சொல்லிக் கொடுத்தான். வெங்காயத்தை வதக்கு, தக்காளியைப் போடு, மிளகாய்த்தூள் இத்தனை, கொதித்ததும் இறக்கு. முடிந்தது. அவன் சொன்னதில் ஒரு சிட்டிகைகூட நான் குறைக்கவில்லை. பட்டறையில் அளவு என்றால் அளவுதான்.

மாதம்மாவுக்குத் தட்டைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பரோட்டா சாப்பிட்டு வந்தேன். நான் வைத்ததை நானே தின்னும் தைரியம் எனக்கு வரவில்லை. திரும்பி வந்தால் அவள் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். சொம்பு காலி. சோறு அப்படியே இருந்தது.

பெருமாளைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, அது தொப்பூர் இறக்கத்துல தூக்கம் வராம இருக்கறதுக்குப் போடற காரம். அண்ணி என்ன வண்டியா ஓட்டறாங்க?"

களி, முதல் தடவை

எங்கள் பக்கத்தில் ராத்திரிக்குக் களி இருந்தால் வேறு கேள்வி கிடையாது. கேழ்வரகு சர்க்கரைக்கும் நல்லது என்றார்கள். மாதம்மா கூடத்துக் கட்டிலில் இருந்துகொண்டு அடுப்படிக்கு உத்தரவு போட்டாள். அரிசி நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டு. நடுவில் கட்டையால் குழி விடு. கிண்டாதே, மூடி வேகவிடு, அப்புறம் கிண்டு.

கிண்டாமல் எப்படிச் சும்மா நிற்பது? கையில் கட்டை இருக்கிறது, எதிரே மாவு கொதிக்கிறது. கிண்டினேன். தோள்பட்டை இறங்கும்வரை கிண்டினேன். வழவழவென்று உருண்டையும் பிடித்தேன். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது.

அவள் விரலால் பிட்டாள். உள்ளேயிருந்து பச்சை மாவு பொடியாகக் கொட்டியது. புடவையில் விழுந்ததைத் தட்டிவிட்டாள்.

"வெளிய பெயின்ட் அடிச்சிருக்கீங்க. உள்ள இஞ்சின் வேலையே நடக்கலைங்க."

கோளாறு இல்லாத வண்டி

அதன்பிறகு சும்மா நிற்கப் பழகிக்கொண்டேன். குக்கருக்குக் கடையில் கேஸ்கெட் வாங்கிப் போட்டேன். களி வந்துவிட்டது. கீரை கடைசலும் வந்துவிட்டது. கீரை, பச்சை மிளகாய், பூண்டு, வெந்ததும் மத்தால் கடைந்தால் ஆயிற்று. எதிரே மெத்தைக் கடை வைத்திருக்கும் ரபீக் பாய், மாதம்மா முதுகுக்கு ஒரு தலையணை தைத்துக் கொண்டுவந்தார். அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பொய் சொல்லும் பழக்கம் தனக்கில்லை, இது நல்ல களி என்றார்.

அப்படியும் அவள் ரெண்டு வாயோடு நிறுத்திவிட்டாள். மறுநாளும் அதே ரெண்டு வாய். மத்தியான மெஸ் சோற்றை ஒழுங்காகச் சாப்பிடுகிறவள், நான் கிண்டியதைத் தொட்டுவிட்டு மூடி வைக்கிறாள். ஒரு விடியற்காலை எழுப்பினால் கண் திறக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டு, கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினேன். பாதி தண்ணீர் தலையணையில் போனது.

கோளாறு தெரிந்த வண்டியைப் பார்த்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பாத வண்டிதான் மெக்கானிக்கைக் கொல்லும். என்னதான் குறை என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சாப்பாட்டு மேல குத்தமில்லைங்க. எறங்கல."

ஓசூர் கார்

மயக்கம் வந்ததை நானே கவிதாவுக்குச் சொன்னேன். மறைக்கிற சமாச்சாரமா அது? சாயங்காலமே காரோடு வந்துவிட்டாள். கூடவே அவள் மாமியார் நாகரத்தினம்மா. கன்னடம் பேசும் குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுவில் கன்னடம் ஒட்டிக்கொண்டு வரும். கவிதா வந்ததும் வராததுமாக அம்மாவின் புடவைகளைப் பையில் அடுக்கினாள். மாதம்மா போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சம்பந்தி வந்திருக்கும்போது சாப்பாடு போடாமல் அனுப்பக் கூடாது. அது ஒரு சாக்கு. கூடத்தில் நின்று அந்தப் பையைப் பார்க்க முடியவில்லை.

களியும் கீரையும் ஆயிற்று. கட்டிலில் மாதம்மாவுக்குத் தட்டு கொடுத்தேன். கீழே பாய் விரித்து அவர்கள் ரெண்டு பேருக்கும் வைத்தேன். நாகரத்தினம்மா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஊட்டா ஆயித்தா அண்ணா?" சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார். அப்புறம் வெளியே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் தட்டு பந்தியில் இல்லாமல் சம்பந்தி வீட்டில் கை நனைப்பது அவர்கள் வழக்கத்தில் கிடையாதாம். களி ஆறுகிறது என்றேன். ஆறட்டும் என்றார்.

வேறு வழியில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தேன். என் களியை நானே பிட்டுக் கீரையில் தொட்டு விழுங்கினேன். இத்தனை நாளில் முதல் தடவை. கீரையில் உப்பு கம்மி. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"தினம் கம்மிதான்," என்றாள் மாதம்மா மேலேயிருந்து. நிமிர்ந்தேன். பாதி உருண்டை காணோம். மீதியும் போனது. இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினாள். கவிதா பையை விட்டுவிட்டு வந்து நின்றாள். இத்தனை நாளும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஒரு தட்டைக் குடுத்துட்டு உங்கப்பா வெளிய போயிருவாரு. ஆஸ்பத்திரியில போட்ட மாதிரி இருந்துச்சு. எப்படி எறங்கும்?"

புடவைகள் திரும்ப அலமாரிக்குப் போய்விட்டன. காலமெல்லாம் லாரி பார்த்தவனுக்குப் பிடிபடாத கோளாறை, தட்டில் கை வைக்காமலே சரி செய்துவிட்டுப் போனவர் ஓசூர் சம்பந்தியம்மா நாகரத்தினம்மா.