தேன் நிறத்தில் வந்த ஆயில்

ஜெனிதாவோடு ஆட்டோவில் போவது பெரிய அவஸ்தை. ஏறுவதற்கு முன்னாலேயே டிரைவரிடம், "ஏனுங்ணா, கடைசியா எப்பங்க ஆயில் மாத்துனீங்க?" என்று கேட்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த ஆயரை நிறுத்தி, காரின் பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மோந்து பார்த்தவள் அவள். அடுத்த வாரமே ஆயர் ஆயில் மாற்றிவிட்டார் என்று பெருமை வேறு!

சரவணம்பட்டியில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் லேபில், வண்டிகளில் ஓடிய எஞ்சின் ஆயிலைச் சோதிக்கிறோம். எந்த உலோகம் எவ்வளவு தேய்ந்து ஆயிலில் கலந்திருக்கிறது என்று பார்த்தால், எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே என்ன கெடுகிறது என்று சொல்லிவிடலாம். பாட்டிலை வாங்கி லேபிள் ஒட்டுவதும், ரிசல்ட்டைப் போனில் சொல்வதும் என் வேலை. சோதிப்பது ஜெனிதா.

அவளுக்கு இந்த வெறி வந்ததற்குக் காரணம் உண்டு. அவள் அப்பா ஏசுவடியான், சத்தியமங்கலம் பக்கம் அடுத்தவர் மஞ்சள் காட்டில் கூலிக்குப் போய், பிறகு அதே முதலாளியிடம் டிராக்டர் ஓட்டியவர். ஒருநாள் உழவின் நடுவில் எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. கண்டபடி ஓட்டிக் கெடுத்துவிட்டான் என்று பழி அவர்மேல் விழுந்தது, வேலையும் போனது. "ஒரு சொட்டு ஆயிலப் பாத்திருந்தா உண்மை தெரிஞ்சிருக்குமுங்க்கா" என்று சொல்லும்போது இன்றைக்கும் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். கெமிஸ்ட்ரி படித்தது அந்தக் கோபத்தில்தான்.

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை. சோமனூர் காளிச்சாமி அண்ணன் தன் வேனுக்காகக் கொடுத்த பாட்டில் மெஷினிலிருந்து இறங்கியிருந்தது. அவர் தினமும் ஆள் ஏற்றும் மில்லில் ஆயில் ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள். நான் திரையை எட்டிப் பார்த்தேன். இரும்பு இல்லை, செம்பு இல்லை, கரி இல்லை. அந்த நேரம் பார்த்து அவரே போன் செய்தார்.

"அம்மணி, நம்ம வண்டி பாஸுங்களா?"

"சூப்பருங்ணா. இத்தன சுத்தமா நான் பாத்ததே இல்லீங்க!"

"ரொம்பச் சந்தோசமுங்க. பதினோரு மணிக்கு மில்லுப் பொம்பளைகளக் கூட்டிக்கிட்டுத் தாளவாடி போறனுங்க. நம்ம பழனியாத்தாக்கா மகளுக்கு வளைகாப்பு."

போனை வைத்தேன். டீ கிளாசோடு வந்த ஜெனிதா திரையைப் பார்த்தாள், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடுன டீசல் வண்டி ஆயிலு தேன் மாதிரி இருக்குமா? ஒரே வாரத்துல கறுத்துப் போயிருமே! இது டின்னுல இருந்து நேரா ஊத்துனதுங்க்கா!"

அப்படியானால் அவர் வண்டியில் ஓடிய ஆயிலை யாரும் சோதிக்கவே இல்லை. நான் பாஸ் என்று சொல்லிவிட்டேனே! தாளவாடிக்குப் போக திம்பம் மலை ஏற வேண்டும், இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை.

"வண்டிய எடுங்க்கா!" என்றாள் ஜெனிதா. கையில் ஒரு ரப்பர் குழாய், உறிஞ்சும் சிரிஞ்சு, வெள்ளைத்தாள், ஒரு காந்தம். என் ஸ்கூட்டர் அப்படிப் பறந்தது அன்றைக்கு ஒருநாள்தான். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "ஓரங்கட்டாதீங்க, ஓரங்கட்டாதீங்க" என்று கத்திக்கொண்டே வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அவினாசி ரோட்டிலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

மில் வாசலில் வேன் நின்றது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, உள்ளே ஒரே சிரிப்பும் பூ வாசனையும். காளிச்சாமி அண்ணன் எஞ்சினை ஓட விட்டுவிட்டு, ஸ்டியரிங்குக்கு விபூதி வைத்துக்கொண்டிருந்தார். ஜெனிதா நேராகவே கேட்டுவிட்டாள்.

"பாட்டில்ல புது ஆயில ஊத்திக் குடுத்தீங்களாங்ணா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க அம்மணி. படிச்ச புள்ளைக கையில கரி எண்ணெயக் குடுத்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பீங்க? மருவாதியா இருக்கட்டும்னு பாட்டிலக் கழுவி, நல்ல எண்ணெயா ஊத்திக் குடுத்துப்போட்டேன்."

ஏமாற்ற நினைக்கவில்லை அவர். வீட்டுக்கு வந்தவருக்கு அழுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுப்போமா? அந்தக் கணக்குத்தான்.

எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அளவு பார்க்கும் துளை வழியாகக் குழாயை விட்டு ஜெனிதா ஆயிலை உறிஞ்சினாள். தாளில் ஒரு சொட்டு விட்டாள். கன்னங்கரேலென்று பரவியது. வெயிலில் சாய்த்தபோது கரிக்குள் செம்பு நிறத்தில் பொடிப் பொடியாக மின்னியது. காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்தினாள். ஒரு பொடிகூட அசையவில்லை.

"இரும்பு இல்லீங்ணா. செம்பு. உள்ள சுத்தற தண்டத் தாங்குற பேரிங் உரியுது, எஞ்சின் பிடிச்சுக்குமுங்க. மலை ஏறாதீங்க."

"ஏறி உக்காந்துட்டாங்களேம்மா. ஒரு நடை போயிட்டு வந்து பாத்துக்கலாமுங்க."

அத்தனை பேர் முன்னால் தன் வண்டி ஆகாது என்று அவர் எப்படிச் சொல்வார்? பழனியாத்தாள் அக்காவோ சீர்த்தட்டோடு இறங்கி வந்து, நேரமாகிறது என்று சத்தம் போட்டார். ஜெனிதா அந்தத் தாளை அக்காவின் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"இது எஞ்சினோட உள்பக்கமுங்க. நான் சொல்றது தப்பா இருந்தா என்னைய எத்தன வேணாலும் திட்டிக்கங்க. இன்னிக்கு மட்டும் வேற வண்டியில போங்க."

காளிச்சாமி அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேன் கதவைத் திறந்து, "எல்லாரும் எறங்குங்க கண்ணு. நம்ம வண்டி சரியில்லீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வேறு வேன் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை எல்லோரும் எங்களைத்தான் முறைத்தார்கள்.

ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெனிதா சொன்னது தவறாகப் போனால்?

திங்கட்கிழமை மத்தியானம் அவரே லேபுக்கு வந்தார். மெக்கானிக் பிரித்து எடுத்த பேரிங்கை ஒரு துணியில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வெள்ளை மேல்தோல் முழுக்க உரிந்து, செம்பு ஓரம் கிழிந்து தொங்கியது.

"பாருங்க்கா, பாருங்க்கா, நான் சொன்னனில்ல!" என்று ஜெனிதா குதித்தாள். லென்சை எடுக்க ஓடினாள்.

"பண்ணாரி தாண்டி மலை ஏறியிருந்தா அவ்வளவுதான்னு மெக்கானிக் சொல்றானுங்க" என்றார் அவர். "பதினெட்டுப் பேருங்க அம்மணி. நாந்தான் ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."

ஜெனிதா ஓடிய இடத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு லென்சை எடுக்காமலே திரும்பி வந்து, அவர் உட்காரத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.