பூட்டுக்கு வெளியே ஞானதுரை அண்ணன் பெயர்

ஞானதுரை அண்ணன் இறந்த செய்தி எனக்குப் பாதிதான் வந்தது. போடி நிருபர்கள் குழுவில் யாரோ அவருடைய பத்திரிகையின் இணைப்பை அனுப்பியிருந்தார்கள். திறந்தால், "மூத்த செய்தியாளர் ஞானதுரை காலமானார்" என்ற தலைப்பும் அதன் கீழே இரண்டு வரியும் இருந்தன. மூன்றாவது வரியில் எழுத்து மங்கி, தொடர்ந்து படிக்கச் சந்தா கட்டச் சொல்லி ஒரு பெட்டி வந்து நின்றது. அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குப் பின்னால். அவர் மகளுக்குப் போன் போட்டுத்தான் கேட்டுக்கொண்டேன். அஞ்சலி மலருக்காக அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். நல்லதும் எழுதுகிறேன். மற்றதையும் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நானும் அவரும் வேறு வேறு பத்திரிகைக்காரர்கள். ஆனால் ஊர் நிருபர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மலைக்குப் போனால் இன்னொருவர் தேவாரம் ஊர்ப் பக்கம் போவார், சாயங்காலம் செய்தியைப் பங்கு போட்டுக்கொள்வோம். போடிமெட்டுச் சாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போன ஜீப் கவிழ்ந்த அன்று மலைக்குப் போனது அவர். "மூணு பேரு செத்துட்டாகன்னு குடுங்கண்ணே, வெரசா அனுப்பிருவோம்" என்று போனில் கேட்டேன். "மூணு பேருன்னா யாரு யாரு? பேரு இல்லாம ஒரு வரி குடுக்க மாட்டேன். அவசரம்னா நீயே ஏறி வா" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் எங்கள் பத்திரிகைகளில் எண்ணிக்கை வந்தது. அவருடையதில் மூன்று பெயர்களும் வந்தன. தோட்டத்து அடையாள அட்டையிலிருந்து எடுத்த, சிலமலை முருகனின் படமும் வந்தது. முருகனின் மனைவி பேச்சியம்மாள் அக்கா அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். புருஷன் முகம் பார்க்க அவளிடம் வேறு படம் கிடையாது.

இப்படி எழுதிய மனிதரின் பெயர் மட்டும் எந்தச் செய்தியிலும் வந்ததில்லை. எங்கள் எல்லோருக்கும் உள்ளதுபோல 'நமது நிருபர்' என்பதுதான் அவருக்கும். "ஊர்ல உள்ளவன் பேரையெல்லாம் நான் போட்டேன், எம் பேர ஒருத்தனும் போடல" என்பார் டீ குடிக்கும்போது. நாங்கள் சிரிப்போம். அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தது எங்கள் தவறு.

சில வருடங்களுக்கு முன் அவருடைய பத்திரிகை பழைய இதழ்களை இணையத்தில் ஏற்ற முடிவு செய்தது. தலைமை அலுவலகத்தில் எங்கள் மாவட்டப் பக்கங்களை எவரும் சேர்த்து வைத்திருக்கவில்லை. அண்ணனிடம் கேட்டார்கள். தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, இல்லாததைத் தேடி வீடு வீடாகக் கிளம்பினார். சிலமலை என் சொந்த ஊர் என்பதால் என் ஸ்கூட்டரில்தான் போனோம், அப்படியே தேவாரத்துக்கும். "நம்ம ஊரு சேதி இனிமே செல்லுலயே கெடக்கும் ஆத்தா, பைசா கெடையாது. தாளும் பத்தரமாத் திரும்பி வந்துரும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான். எங்கள் ஊர் ஜனங்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். யார் எந்தத் தாளைக் கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பேச்சியம்மாள் அக்காவும் கொடுத்தாள்.

தளம் திறந்தது. அன்றன்றைய ஏலக்காய் விலை, மழை, மின்தடை எல்லாம் இலவசம். சுற்றிலும் நகைக்கடனும் தோட்டம் விற்பனையுமாக விளம்பரங்கள். பழைய செய்திக்குச் சந்தா. படத்துக்குத் தனிக் கட்டணம். "இன்னைக்குச் சேதி ஆளக் கூப்புட, பழைய சேதி காசு பாக்க" என்றார் அண்ணன், யாருக்கோ நடந்ததைப் போல. கொடுத்த தாள்கள் என்ன ஆயின என்று விசாரித்தேன். ஸ்கேன் எடுத்த பிறகு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அவரையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, பார்க்கிற இடமெல்லாம் அந்தப் பத்திரிகையைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனபோதும் அதே ஆத்திரத்தைத்தான் கொட்டினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பூட்டப் போறாங்கன்னு எனக்கு மொதல்லயே தெரியும் தம்பி."

"அப்பறம் எதுக்குண்ணே சிலமலைக்குப் போனோம்?"

"எழுதுன ஆளு பேரு இருந்தாத்தான் நெட்டுல தேடுறவன் கண்ணுல படுமாம். ஒவ்வொரு சேதிக்கு மேலயும் எம் பேரு போடுறேன்னாங்கடா."

நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரை உயிரோடு பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. பத்திரிகை நிறுவனம் வியாபாரம் செய்தது, அது அதன் புத்தி. இவர் என்னை ஸ்கூட்டர் ஓட்ட வைத்து, என் ஊரில் என் முகத்தை விற்றார்.

அடக்கம் முடிந்த பிறகு அவர் மகள் அந்த நோட்டை என் கையில் கொடுத்தாள். அடுத்த வாரம் சிலமலைக்குப் போனேன். பேச்சியம்மாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி, செல்லில் அந்தச் செய்தியை எடுத்துக் காட்டினேன். தலைப்பும் அதற்கு மேல் ஒரு பெயரும் தெரிந்தன.

"இது யாரு பேரு தம்பி?"

"அண்ணன் பேருதான்க்கா."

"எங்க வீட்டுக்காரரு பேரு?"

"உள்ள இருக்கு. காசு கட்டுனாத் தெறக்கும். நான் கட்டுறேன்க்கா, படத்தையும் எடுத்துத் தர்றேன்."

அவள் செல்லை என் பக்கம் தள்ளினாள். "வேணாம்ப்பு. நான் சும்மாத்தான குடுத்தேன்" என்றாள். எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

ஞானதுரை அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த நோட்டு ஒன்றைத்தான். அதில் உள்ள சிலமலை வீடுகளுக்குச் சொல்லிவிட்டேன், தேவாரத்தில் இன்னும் ஏழு வீடுகள் பாக்கி இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் நின்று, அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று நான்தான் சொல்ல வேண்டும். என்னைக் கூடப்பிறந்தவனாக நினைத்த மனிதர் எனக்கு விட்டுவிட்டுப் போன வேலை இது.